இன்பச் செலவு

'செலவு' என்னுஞ் சொல் இக்காலத்துப் பேச்சில் பணங் கழிதலையே குறிக்கின்றது. பண்டைத் தமிழர்க்கோ அது வழிச்செல்லுதலைக் குறித்தது. ஊரைவிட்டு ஒருவன் புறப்பட்டுச் செல்லுதல் செலவு. புறப்பட எண்ணியவன் சற்றே நின்று தயங்குதல் செலவழுங்குதல். ஒரே சொல் இவ்விரு பொருளையுந் தாங்கி நிற்றல், யாம் இன்று ஆராயப் புகுந்த பொருட்கு மிகவும் இயைபுடையதாயிற்று. கையிற் பொருளுடையார் மனைமக்களோடு அயல்நாடு சென்று, மாநகர் கண்டு, கலை கண்டு, புதுவகை உணவு உண்டு, ஈற்றில் வெப்பநாட்டுக் கடற்கரை ஒன்றில் இளைப்பாறித் திரும்பும் இன்பச் செலவு இந்நாளிற் பெருகி வருகின்றது. அதனை எவ்வாறு வகுத்தல் வேண்டும் என்பதே வினா. பெரும்பாலார் அதனைச் சொல்லின் இக்காலப் பொருள்கொண்டே வகுக்கின்றனர் என்பதும், பழம்பொருள்கொண்டு வகுத்தலே உண்மையான இன்பம் பயக்கும் என்பதும் எம் துணிபு.

"விடுதிச் சோற்றுக்குத் திங்கள்தோறுங் கணக்குத் தீர்க்க இயலாது தவிக்கும் மாணாக்கர்க்குச் செல்வர் செல்லும் இன்பச் செலவைப்பற்றி என்ன கவலை?" என்று எம் தோழர் சிலர் நகைப்பர். நகைக்கட்டும். இவ்விதழைப் படிப்போருட் பலர் இக்கல்லூரியிற் பயின்று வெளிச்சென்று நன்னிலை எய்திய பெரியோர். அவர் ஓய்வு பெற்ற ஆண்டிலோ, மகன் மணம் முடிந்த ஆண்டிலோ இத்தகைய செலவொன்றை மேற்கொள்ளுதல் இன்று வழக்கமாகிவிட்டது. இன்று எம்மோடு வகுப்பில் அமர்ந்திருப்போரும் பத்தாண்டு கழித்து அவ்வாறே செய்வர். மேலும், பந்தியில் அமர்ந்தவனைக் காட்டிலும் பந்திக்கு வெளியே நிற்பவன் இலையில் வீணாவது யாது என்பதைத் தெளிவாகக் காண்பான். ஆதலின் இதுபற்றிக் கருத்துரைக்கும் உரிமை எமக்கும் உண்டு என்க.

பொதுப்படப் பேசுதல் பயனின்று. ஒரு நாட்டை எடுத்துக்கொள்வோம். முன்பு சயாம் எனப் பெயர்பெற்று, இன்று தாய்லாந்து என வழங்கும் நாடே அது. நகரம், கலை, உணவு, கடற்கரை என்னும் நான்கும் அங்கே ஒன்றற்கொன்று மிகுந்த சேய்மையின்றி அமைந்துள்ளன. சென்னையிலிருந்து வானூர்தியில் நான்கு மணி நேரத்துக்குள் பாங்காக்கை அடையலாம். விருந்தினரை உபசரித்தலையே பெருந்தொழிலாகக் கொண்ட நாடாதலின், செல்வர் விரும்பும் வசதி எதற்கும் அங்குக் குறைவில்லை. இவற்றிற்கு மேலாக, அந்நாட்டு மண்ணில் தமிழரின் சுவடுகள் பல பதிந்துள்ளன. அவற்றுட் சில பெருமை தருவன. ஒன்று கண்ணீர் தருவது. இன்பந் தேடிச் செல்லுந் தமிழர் இவ்விரண்டையும் அறியாமலே திரும்பிவிடுகின்றனர் என்பதே எம் குறை.

இப்போது வழக்கிலுள்ள திட்டத்தைச் சிறிது நோக்குவோம். எம் உறவினர் ஒருவர் சென்ற ஆண்டு குடும்பத்தோடு அந்நாடு சென்றார். பிரயாணத் தரகர் ஒருவர் ஆறு நாளில் ஐந்து ஊர் என வகுத்துக் கொடுத்தார். நட்சத்திர விடுதி, குளிரூட்டிய வண்டி, மும்முறை விருந்து ஆகிய எதிலுங் குறையில்லை. திரும்பிவந்தவரை, "என்ன கண்டீர்கள், ஐயா?" என்று வினவினோம். அவர் விமான நிலையங்களை வரிசையாகக் கூறி, அவற்றுள் எதில் வரிசை நீண்டது என்பதையும் விளக்கினார். பெட்டியைக் கட்டுவதிலும் அவிழ்ப்பதிலும் அவர்தம் ஆறு நாளும் கழிந்தன. இது செல்வரின் செலவன்று. தபாற் பொதியின் செலவு. பணம் மிகுந்தவர்க்கு அரிதாவது பணமன்று, காலமே. அவ்வரிய பொருளைத் தாராளமாகக் கொடுப்பதே ஆடம்பரம் என்னுஞ் சொல்லுக்கு நேரிய பொருளாகும்.

ஆகவே எம் முதல் விதி, ஊர்களைக் குறைத்தல். பதினான்கு நாள் உடையார்க்கு நான்கு இடம் போதும்: பாங்காக்கு நான்கு நாள், அயுத்தயா ஒரு நாள், காஞ்சனபுரி இரண்டு நாள், அந்தமான் கடலோரம் ஆறு நாள், எஞ்சிய ஒரு நாள் வழிக்கு. "வடக்கே சியங்மாய் நகரை விடுவதா?" எனச் சிலர் வருந்துவர். 1296ஆம் ஆண்டில் மங்ராய் மன்னன் கண்ட அம்மலைநாட்டு நகரம் மிக அழகியதே. ஆயினும் அது பாங்காக்கிலிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர் வடக்கே உள்ளது. கடலோ தெற்கே உள்ளது. இரண்டையும் ஒரு செலவிற் பிணைத்தல், திருநெல்வேலிக்குச் செல்பவன் போகும் வழியில் ஐதராபாத்தையும் பார்த்துவர முயல்வது போலாம். அன்றியும், மாசி பங்குனியில் வயலையுங் காட்டையும் எரிக்கும் புகை அந்நகரை மூடிவிடுகின்றது. மற்றொரு முறை அதற்கென்றே தனியே செல்க.

இரண்டாம் விதி, பருவம் அறிதல். இதில் தவறுவோரே மிகப் பலர். தாய்லாந்தின் தென்பகுதி இரு கடலுக்கு இடையே நீண்டு கிடக்கின்றது. மேற்கே அந்தமான் கடல். அங்கே மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அலையைக் கிளப்பும். கிழக்கே வளைகுடா, அங்குள்ள சாமுய் தீவில் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பொழியும். நம் நாட்டில் மலையாளக்கரைக்கும் சோழமண்டலக்கரைக்கும் மழைப்பருவம் மாறி வருதல் போன்றதே இது. இவ்வேறுபாடு அறியாதார் நவம்பரில் சாமுய்க்குச் சென்று, பெரும்பணங் கொடுத்த அறையின் சாளரத்து வழியே மழையைக் கண்டு திரும்புவர். தை மாதமே எம் பரிந்துரை. அப்போது பாங்காக்கில் வெயில் தணிந்திருக்கும்; அந்தமான் கடல் அமைந்திருக்கும். தையிற் செல்வார் நன்கு பழுத்த மாம்பழத்தை இழப்பர். சித்திரையிற் செல்வார் மாம்பழத்தோடு கொளுத்தும் வெயிலையும் பெறுவர். எல்லாப் பருவத்திலும் ஏதேனும் ஒன்றை விட்டே ஒன்றைப் பெறல் வேண்டும்.

இனி நகரத்தைப் பேசுவோம். பாங்காக்கு என அயலார் கூறும் நகரை அந்நாட்டார் 'குருங் தேப்' என்பர். தேவநகரம் என்பது பொருள். முதலாம் இராமன் என்னும் பட்டப்பெயருடைய மன்னன் 1782இல் அதனைத் தலைநகராக்கினான். சாவ் பிரயா என்னும் பேராறே அந்நகரின் முதுகெலும்பு. அதன் கரையில் 1876இல் தொடங்கிய ஓரியண்டல் விடுதி இன்னும் உள்ளது. 1923இல் ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் மலேரியாக் காய்ச்சலோடு கிடந்தது அங்கேதான். ஆற்றங்கரை விடுதியில் தங்கப் பொருளுடையார் தங்குக. அதனை யாம் குறைகூறோம். ஆனால் பகற்பொழுதை அவ்விடுதியின் நீராடு குளத்திற் கழித்தல் ஆகாது. பொதுமக்கள் ஏறும் விசைப்படகு சிறு கட்டணத்திற்கு ஆறு முழுதுங் காட்டும். அருணன் பெயர் தாங்கிய அருண் கோயிலின் கோபுரம், 46 மீட்டர் நீளமுள்ள பள்ளிகொண்ட புத்தர் உறையும் போ கோயில், அரண்மனை, பூக்கடை ஆகிய யாவும் அப்படகுத் துறைகட்கு அணித்தேயுள்ளன.

அரண்மனையை அடுத்த மரகத புத்தர் கோயிலின் திருச்சுற்றில் 178 பகுதிகளாக இராமகதை தீட்டப்பட்டுள்ளது. தாய் மொழியில் அக்கதைக்கு 'இராமகியன்' என்று பெயர். முதலாம் இராமன் காலத்தில் அது முழுநூலாக வடிவுற்றது. கம்பனைப் பாடங்கேட்டவர் அச்சுவரின் முன் ஒரு காலைப்பொழுதை முழுவதுங் கழிக்கலாம். அங்கே இராவணன் பெயர் தோசகன், அஃதாவது தசகண்டன். பிரமசாரியாக நாம் அறிந்த அனுமன், அங்கே இராவணன் மகளாகிய கடற்கன்னி ஒருத்தியைக் காதலித்து மணக்கின்றான்! ஒரு கதை கடல் கடக்கும்போது எதனை விட்டுச்செல்கின்றது, எதனைக் கூட்டிக்கொள்கின்றது என்பதை இதனினும் நன்கு விளக்கும் பாடநூல் யாதுளது? தோளும் முழந்தாளும் மறையும்படி உடுத்திச் செல்லுதல் அவ்விடத்து முறை என்பதையும் முன்னரே அறிந்துகொள்க.

அரண்மனைக்குச் சிறிது தொலைவில் செந்நிற மரத்தூண்கள் இரண்டு வானளாவி நிற்கும். 1784இல் அமைந்த பேரூசல் அது. பின்னர் இடம்மாறி, 2007இல் புதுமரங்கொண்டு மீண்டும் எடுக்கப்பட்டது. அரசவைப் பிராமணர் ஆண்டுதோறும் நடத்தும் 'திரியம்பாவாய்' என்னும் விழாவில் அவ்வூசல் ஆடப்பட்டு வந்தது. ஊசலாட்டம் 1935இல் நின்றது, அருகிலுள்ள கோயிலில் வழிபாடு மட்டும் நின்றதில்லை. அப்பெயரைச் சற்றே உரக்கச் சொல்லிப் பாருங்கள். திருவெம்பாவை என்பதே அவ்வாறு திரிந்தது என அறிஞர் காட்டியுள்ளனர். மார்கழியில் நம்மூர்த் தெருவிற் கேட்கும் பாடல், ஒலி திரிந்து, பொருள் மறைந்து, அயல்நாட்டு அரசவையிற் பல நூற்றாண்டு உயிர்த்திருந்தது. தாய் எழுத்தும் கெமர் எழுத்தின் வழியாகப் பல்லவர் எழுத்தினின்று பிறந்ததே. இவற்றை அறிந்தவர்க்கு அந்நகரத் தெருப்பலகைகளும் ஒருவாறு உறவினர்போலத் தோன்றும். அறியாதார்க்கு அவை வெறுங் கோலங்களே.

அயுத்தயா பாங்காக்குக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டரில் உள்ளது. அயோத்தி என்பதே அப்பெயரின் மூலம். 14ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்து, நானூறு ஆண்டுக்கு மேல் தலைநகராய் விளங்கி, 1767இல் பர்மியப் படையால் எரிந்தது. மூன்று ஆறுகள் சூழ்ந்த அவ்விடத்தில் இன்று தலையற்ற புத்தர் சிலைகளும் செங்கற் கோபுரங்களும் நிற்கின்றன. ஒரு கோயிலில் அரசமர வேர்கள் புத்தரின் முகத்தை அணைத்துக்கொண்டுள்ளன. பாங்காக்கிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்புவோர் உச்சிவெயிலிற் கல்லைக் காண்பர். ஓரிரவு தங்குவோர் விடியலின் தண்மையில் நகரைக் காண்பர். எம் முதல் விதியின் பயன் இங்கே விளங்கும்.

உணவைப்பற்றி ஒரு சொல். அயல்நாட்டில் இட்டிலியும் சாம்பாரும் தேடி அலைதல் நம்மவர் வழக்கம். நோயாளர்க்கும் முதியோர்க்கும் அது தகும், ஏனையோர்க்கு ஆகாது. தாய் நாட்டார் நம்மைப்போலவே அரிசியை நடுவே வைத்து உண்பவர். சோற்றைச் சுற்றிப் பல கறிகளை வைத்து யாவரும் பகிர்ந்துண்பர்; கரண்டியால் உண்டு, முள்கரண்டியாற் சோற்றைத் தள்ளிக்கொள்வர். புளிப்பு, உவர்ப்பு, இனிப்பு, உறைப்பு நான்கும் ஒரு வாயில் ஒருங்கே நிற்றல் அவர்தம் சமையலின் இலக்கணம். எலுமிச்சம்புல்லும் பேரரத்தையும் இட்ட 'தோம் யாம்' என்னும் இறால் இரசத்தை உறிஞ்சுந் தமிழர், நம் மிளகுரசத்துக்கு அங்கொரு பங்காளி உண்டென்று உணர்வர். பேரரத்தையை நாம் நாட்டு மருந்துக் கடையில் தள்ளிவிட்டோம். அவர் அடுக்களையில் வைத்துப் போற்றுகின்றனர். பட்டை, கிராம்பு, ஏலம் மணக்கும் 'மசமன்' குழம்பு முசுலிம் வணிகரோடு வந்தது என்பதை அதன் பெயரே கூறும். பச்சைப் பப்பாளியை உரலில் இடித்துச் செய்யும் 'சோம் தாம்' உழவர் உணவு. அதனை விடுதி மேசையினும் தெருவோரத்தில் உண்பதே சிறப்பு. இறைச்சி உண்ணாதார், பெரும்பாலான கறிகளில் மீன்சாறு கலத்தலுண்டு என்பதை அறிந்து, முன்னரே சொல்லிப் பெறுதல் நன்று.

விலைக்கும் சுவைக்கும் உள்ள உறவைப்பற்றி ஒரு சான்று. உணவகங்கட்கு விண்மீன் வழங்கும் மிச்செலின் கையேடு பாங்காக்குக்கென முதன்முறை வெளியிட்ட 2018ஆம் ஆண்டுப் பதிப்பில், ஜே ஃபை என வழங்கும் மூதாட்டியின் தெருவோரக் கடையும் ஒரு விண்மீன் பெற்றது. கண்ணுக்குக் காப்புக்கண்ணாடி அணிந்து, கரியடுப்பின் முன் நின்று, நண்டு பொதிந்த முட்டையடையைத் தாமே பொரித்தெடுப்பவர் அவர். தளிகை சிறக்கக் கூடமும் விளக்கும் வேண்டுவதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இனிக் காஞ்சனபுரி. பாங்காக்குக்கு மேற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டரில், பசுமலைகளுக்கு இடையே குவாய் ஆறு ஓடும் அழகிய நாடு அது. ஆற்றின்மேல் மிதக்கும் விடுதிகளும் உள்ளன. செல்வர் விரும்பிச் செல்லும் இடமே. ஆயின் அவ்வாற்றைக் கடந்து செல்லும் இருப்புப்பாதையின் கதை யாது? 1942இல் மலேயாவையும் சிங்கப்பூரையும் கைப்பற்றிய சப்பானியப் படையினர், சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளமுள்ள பாதையொன்றை மலையும் காடும் ஊடறுத்து அமைக்கத் தொடங்கினர். 1943 அக்டோபரில் அது முடிந்தது. 60,000க்கு மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் அதில் வருந்தினர். அவருள் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவரினும் பன்மடங்காக ஆசியத் தொழிலாளர் ஈர்க்கப்பட்டனர். மாண்ட ஆசியரின் தொகை ஏறத்தாழ 90,000 என மதிப்பிடுவர். அவருட் பெரும் பகுதியினர் மலேயா இரப்பர்த் தோட்டங்களில் இருந்த தமிழர். கூலி மிகுதி எனப் பொய்கூறி அழைக்கப்பட்டோரும், பிடித்து வண்டியில் ஏற்றப்பட்டோரும், மனைவி மக்களோடு சென்றோரும் உளர். வாந்திபேதியும் காய்ச்சலும் பட்டினியும் அவர்களைக் கொத்துக் கொத்தாக மாய்த்தன.

காஞ்சனபுரிப் போர்க்கல்லறையில் ஏறத்தாழ 7,000 நேசநாட்டு வீரர் துயில்கின்றனர். புல் ஒழுங்குற வெட்டப்பட்டுள்ளது. பெரும்பாலோர்க்குப் பெயரும் வயதும் பொறித்த பலகை உண்டு. அது முறையே, எவரும் குறைகூறார். நம் தமிழர்க்கோ பெயர் பொறித்த கல்லறைகள் இல்லை. அவர்தம் எலும்புகள் காட்டோடு காடாயின. அவ்வாற்றுப் பாலத்தை உலகறியச் செய்த 1957ஆம் ஆண்டுத் திரைப்படம் ஆங்கில வீரரையே பேசிற்று. அது படமாக்கப்பட்டதும் இலங்கையிலே. தமிழ்த் தொழிலாளரின் துயரைத் தமிழில் நாவலாக்கியவர் மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம், 'சயாம் மரண ரயில்' என்பது அந்நூல். அதனை நம் மாணாக்கருள் எத்தனைபேர் கையிலெடுத்துள்ளோம்?

"இன்பச் செலவின் நடுவே இழவு வீடு எதற்கு?" என்று கேட்பார் உளர். அவர்க்கு எம் விடை இது. எண்பது ஆண்டுக்கு முன் ஒரு தமிழன் அவ்வழியே மூடிய சரக்கு வண்டியில் நின்றபடி சென்றான். இன்று அவன் இனத்தான் ஒருவன் அதே வழியே மெத்தை இருக்கையில் அமர்ந்து, பழச்சாறு பருகிச் செல்கின்றான். இம்மாற்றம் வெட்கத்திற்கு உரியதன்று, மகிழ்ச்சிக்கே உரியது. பேரன் வயிறார உண்ணுதலைப் பாட்டன் விலக்கான். ஆனால் பாட்டனின் எலும்பின்மேல் நின்று, அது எலும்பு என்று அறியாமல் நிழற்படம் எடுத்துக்கொள்ளுதல் பொருந்துமா? சோங்கான வண்டியை ஒரு நாள் விடுத்து, தோன்புரி நிலையத்திலிருந்து அப்பழைய பாதையில் இன்றும் ஓடும் சாதாரண இரயிலில் ஏறுக. மலைப்பாறையை ஒட்டி மரத்தூண்களின்மேல் அவ்வண்டி மெல்ல ஊரும் இடத்தில் பேச்சை நிறுத்துக. யாம் வேண்டுவது அவ்வளவே. அவ்விரவு ஆற்றங்கரை விடுதியிற் கிடைக்கும் உறக்கம் அதனாற் குறையாது. நன்றியோடு கூடிய உறக்கமாகும்.

ஈற்றில் கடல். கடற்கரையை முதலில் வைத்து நகரத்தைப் பின்வைப்பார் உளர். அது பாயசத்தை முதலில் உண்டு சோற்றைப் பின் உண்ணுதல் போலாம். கண்டவற்றை அசைபோடக் கடலே தக்க இடம். அந்தமான் கரையில் கிராபி, காவ் லாக் ஆகிய இரண்டும் செல்வர் நாடும் இடங்கள். கிராபிக் கோட்டத்துக் குளோங் தோம் என்னும் ஊரில் ஒரு சிறு கல் கிடைத்தது. பொன்னின் மாற்றுக் காணும் உரைகல் அது. அதன்மேல் 'பெரும்பதன் கல்' எனப் பண்டைத் தமிழெழுத்துப் பொறித்துள்ளது, கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டினது என்பர். கடல் கடந்து சென்ற தமிழ்ப் பொற்கொல்லன் ஒருவன் தன் பெயரைத் தன் கருவியில் எழுதி வைத்தான்; மன்னர் பலரின் பெயர் மறைந்தும் அவன் பெயர் நிலைத்தது. காவ் லாக்கை அடுத்த தகுவாபா என்னுமிடத்தில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. அவனிநாரணம் என்னுங் குளத்தை அங்குத் தொட்டதையும், அது மணிக்கிராமத்தார் முதலியோரின் காவலில் நின்றதையும் அது கூறும். அவனிநாரணன் என்பது பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். அயல்நாட்டுக் கரையில் இறங்கிய நம் வணிகர் குளந் தோண்டினர். இன்று அக்கரையில் இறங்கும் நாம் குளிர்நீர்ப் புட்டிகளை விட்டுவருகின்றோம்.

அக்கரை நம்மோடு மற்றோர் உறவும் உடையது. 2004 டிசம்பர் 26இல் நாகப்பட்டினத்தையும் கன்னியாகுமரிக் கரையையும் அழித்த ஆழிப்பேரலையே காவ் லாக்கையும் அழித்தது. அன்று கடலோரக் காவல்துறையின் காவற்படகொன்று கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே எறியப்பட்டது. இன்றும் அங்கேயே நினைவுச்சின்னமாக நிற்கின்றது. சூரின் தீவுகளில் வாழும் மோக்கன் என்னுங் கடல்நாடோடிகளோ, கடல் பின்வாங்கியதைக் கண்டவுடன் முன்னோர் சொன்ன கதையை நினைந்து மேட்டுநிலம் ஏறி உயிர்தப்பினர். பெரிய விடுதிகளில் இருந்தோர்க்கு இல்லாத அறிவு அவரிடம் இருந்தது. அவர்தம் பாட்டிமார் கூறிய கதையே அன்று எச்சரிக்கை மணியாயிற்று.

கடலின்பத்திற்கும் ஓர் எல்லை உண்டு. பீபீத் தீவுகளுள் ஒன்றிலுள்ள மாயா விரிகுடா 2000ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படத்தாற் புகழெய்தியது. பின்னர் நாளொன்றுக்கு 5,000 பேர்வரை அச்சிறு மணற்றிட்டில் இறங்கினர். படகுகளின் நங்கூரம் பவளப்பாறைகளை உடைத்தது. 2018 ஜூனில் அரசினர் அதனை மூடினர். 2022 ஜனவரியில் திறந்தபோது கரிமுனைச் சுறாக்கள் அங்கு மீண்டிருந்தன. இன்று படகுகள் விரிகுடாவுள் நுழைதல் ஆகாது. வருவோர் தொகைக்கும் அளவுண்டு. பவளத்திற்குத் தீங்கு செய்யும் வேதிப்பொருள் கலந்த வெயிற்களிம்புகளைக் கடற்பூங்காக்களில் 2021 முதல் தடுத்துள்ளனர். மீறுவோர் ஓர் இலட்சம் பாட்டுவரை தண்டம் இறுக்க நேரும். நாட்டை விற்றுண்ணாமல், காத்து உண்ண முற்பட்ட செயல் இது; பாராட்டத்தக்கது. நம் கரைகளை நோக்கும்போது சிறிது பொறாமையும் எழுகின்றது.

இங்ஙனம் வகுத்தாற் பணம் மிகுதியாகுமா? ஆகாது. ஊர் குறையின் வானூர்திக் கட்டணங் குறையும். அங்ஙனம் மிஞ்சியதைக் கொண்டு நல்ல வழிகாட்டி ஒருவரை அமர்த்தலாம். வழிகாட்டிக்குக் கொடுக்கும் பொருளே இன்பச் செலவில் மிகுந்த பயன் தருவது. அதனையே நம்மவர் முதலிற் குறைக்கின்றனர் என்பது வியப்பு. பெருவிடுதியில் தங்கினும் ஒருவேளை உணவையேனும் குடும்பத்தார் நடத்துஞ் சிறுகடையில் உண்க. வால்நீண்ட மரப்படகை அவ்வூர்ப் படகோட்டியிடமே அமர்த்துக. விருந்தினரின் பொருள் அவ்வூரார் கையில் விழுந்தாலன்றி அவர்தம் புன்னகையை எதிர்பார்த்தல் முறையன்று.

செல்ல எண்ணியவன் நின்று தயங்குதல் செல்லாமைக்கு அடையாளமன்று என்பது நம் அகத்திணை மரபு. அதுபோல, இன்பச் செலவை மேற்கொள்வார் புறப்படுமுன் ஒரு திங்களேனும் நின்று, இரண்டொரு நூல் படித்து, வரைபடம் ஒன்றை விரித்து, யாதை விடுவது என முதலில் முடிவுசெய்தல் வேண்டும். தையிற் புறப்படவிருக்கும் பழைய மாணாக்கர் எவரேனும் இவ்விதழைப் படிக்க நேரின் அவர்க்கு ஒரு விண்ணப்பம்: காஞ்சனபுரியில் ஒரு நாளும் தகுவாபாவில் ஒரு நாளும் ஒதுக்குங்கள். திரும்பிய பின் கண்டவற்றை அடுத்த ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரையாக எழுதி அனுப்புங்கள். சென்று காணும் வாய்ப்பு இன்னும் எய்தாத மாணாக்கராகிய யாம் அதனை நூலகத்தின் நீண்ட பலகையில் சுற்றியமர்ந்து படிப்போம்.